சொத்தை எடுத்தவர்

கண்டக்டர் வாயைத் திறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அப்படியென்றால் ஒன்று உலகம் அழியப் போகிறது, இல்லையென்றால் அவருக்குப் பல்வலி. அன்று காலை பல்வலி.

“ரொம்ப வலிக்குதா அண்ணே?” என்றாள் மரங்கொத்தி, வாடகைக் காரிலிருந்து இறங்கியபடி.

“இல்ல தாயே. கன்னத்துக்குள்ள ஒரு எலுமிச்சம்பழம் வெச்சு வளர்க்கறேன்.”

அவர் நிஜமாகவே ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். டிக்கெட் கொடுத்ததைவிடப் பேச்சுக் கொடுத்தது அதிகம் என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். இப்போது துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர். முதலாளி, அவர் வயதில் பாதிகூட ஆகாத இந்தப் பெண். விஞ்ஞானம் படித்தவள். கட்டடங்களுக்கு நோய் பார்க்கும் ஆய்வகம் ஒன்றில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். மனிதர்களிடம் பேசக் கூச்சம், சுவர்களிடம் கூச்சமில்லை. பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். போகிற இடத்தில் எதையாவது தட்டிக் காது கொடுப்பாள். ‘மரங்கொத்தி’ என்பது கண்டக்டர் அவளுடைய முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது அவளுக்கே பிடித்துப்போய் இப்போது பெயர்ப்பலகையில் ஏறிவிட்டது.

எதிரே மூன்று மாடி வீடு. தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம். முன்பக்கம் ஒரு பல் மருத்துவமனை, பின்பக்கம் பூட்டிய அறை. தெரு முனையில் கடல்.

அழைத்தவள் கேட்டிலேயே காத்திருந்தாள். மருந்துக்கடை நடத்துபவள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“சீக்கிரம் வாங்க. அப்பா மத்தியானம் வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கார்.”

“எதுக்கு?”

“என் வீட்டுக்காரர் வெளிய போறதுக்கு.”

வீட்டுக்காரர் என்பது அந்தப் பல் டாக்டர். வீடு அவளுடைய அப்பாவுடையது. அவரே நின்று கட்டியது, தொழிலே அதுதான். போன வாரம் அம்மாவின் அலமாரியிலிருந்து நகைப்பெட்டி காணாமல் போயிருக்கிறது. பூட்டு உடையவில்லை, ஆகவே வீட்டு ஆள்தான். எந்த ஆள் என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா ஒரு விஷயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை போனில் யாரிடமோ பேசியதைக் காதால் கேட்டாராம்.

“என்ன பேசினாராம்? அப்படியே சொல்லுங்க. வார்த்தை மாறக் கூடாது” என்றாள் மரங்கொத்தி.

மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். இந்த வாரம் முழுக்க அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தவள் போல.

“‘சொத்தை முழுசா எடுத்துட்டேன். தூண்ல வெளிய தெரியாத மாதிரி அடைச்சுட்டேன். மாமாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்.’”

கண்டக்டர் வலியை மறந்து விசில் அடிக்கப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

“அவரைக் கேட்டீங்களா?”

“‘நகையை எடுத்தீங்களா’ன்னு கேட்டேன். ‘எடுக்கல’ன்னார். ‘அப்ப தூண்ல என்னத்த அடைச்சீங்க’ன்னேன். அதுக்கு மூச்சு விடல.” அவள் கோட்டின் பொத்தானைத் திருகினாள். “அவர் திருடர்னா, போகட்டும். நான் இங்கயே இருந்துடறேன். திருடர் இல்லன்னா…”

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியது நாம்தான் என்று கண்டக்டருக்குப் புரிந்தது.

*

உள்ளே நுழைந்ததும் ஒரு கடப்பாரை அவர்களை வரவேற்றது. அதன் மறுமுனையில் வீட்டம்மா, நகையைப் பறிகொடுத்தவள்.

“தட்டிப் பாக்கற பொண்ணு நீதானா? தட்டறதெல்லாம் எனக்கு ஆகாது. இந்தா, இடி.”

“எவளும் தூண்ல கை வைக்கக் கூடாது!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, அதன் பையில் மடித்த மீட்டர் அளவுகோல். ஓய்வு பெற்ற பிறகும் பில்டர், பில்டர்தான். “இந்த ஊர்ல பாதி வீடு நான் கட்டினது. ஒண்ணாவது விழுந்திருக்கா?”

“நிக்கற வரைக்கும் எல்லா வீடும் நிக்கறதுதானே சார்” என்றார் கண்டக்டர்.

பில்டர் அவருடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். இன்னொரு கன்னமும் அதே அளவுக்கு ஆகட்டும் என்று நினைப்பது தெரிந்தது.

குறிப்பிட்ட தூண், டாக்டரின் ஸ்கூட்டருக்குப் பின்னால் இருந்தது. முழங்கால் உயரத்தில் ஓர் ஒட்டு. சுற்றியிருந்த சாம்பல் நிறத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பு. கண்டக்டர் வாழ்நாளில் நிறைய ஒட்டுவேலைகளைப் பார்த்தவர். பெரும்பாலும் அவை கன்னத்தில் அப்பிய சோறு மாதிரி இருக்கும். இது உறையில் ஒட்டிய தபால்தலை மாதிரி இருந்தது. நேர்க்கோடு, சரியான மூலைகள், விரல் வைத்தால் வழுக்கும் பரப்பு.

மரங்கொத்தி குந்தி உட்கார்ந்து தட்டினாள். ணங். ஓரத்தில் தட்டினாள். ணங்.

“நல்லாப் பிடிச்சிருக்கு. உள்ள பொந்து இருந்தா ‘டொப்’னு சொல்லும்.”

“நகையைத் துணியில சுத்தி இறுக்கி வெச்சு அடைச்சிருந்தா?” என்றார் பில்டர்.

அவள் பையிலிருந்து பூச்சி மருந்து அடிக்கும் குப்பி போல ஒன்றை எடுத்தாள். ஒட்டின் மேல் ஆணியால் ஒரு கீறல், பக்கத்துப் பழைய கான்கிரீட்டில் ஒரு கீறல். இரண்டிலும் தெளித்தாள். தண்ணீர் போலத்தான் இருந்தது. பழைய கீறல் நனைந்து சும்மா இருந்தது. ஒட்டில் இருந்த கீறலோ ரோஜா நிறத்தில் சிவந்தது.

“அடேயப்பா, என்ன மாயம்?”

“பினாப்தலீன் அண்ணே. பள்ளிக்கூடத்துல பாத்திருப்பீங்க. புது சிமெண்ட்ல காரம் இருக்கும், சிவக்கும். வருஷக்கணக்கா காத்துபட்ட மேல்பரப்புல அது போயிருக்கும், சிவக்காது.”

“கல்யாணம் ஆன புதுசுல வெட்கப்படற மாதிரின்னு சொல்லுங்க.”

“பாத்தீங்களா? புது ஒட்டு!” பில்டரின் குரல் உயர்ந்தது. “நான் சொன்னேனே! நகை போன பிறகு அடைச்சது!”

மகள் முகம் வெளுத்தது. கண்டக்டருக்கு அந்தக் குப்பியின் மேல் கோபம் வந்தது. நம் கட்சிக்காரிக்கு எதிராகவே சாட்சி சொல்கிறதே!

“அப்ப உடைச்சுப் பாத்துடலாமா சார்?” என்றாள் மரங்கொத்தி மெதுவாக.

வீட்டம்மா கடப்பாரையை நீட்டினாள். பில்டர் நடுவில் வந்து நின்றார்.

“வேண்டாம். அவன் போகட்டும். போன பிறகு நானே நிதானமா உடைச்சு எடுத்துக்கறேன்.”

“என் நகைங்க! நிதானம் என்ன நிதானம்?”

“தூணைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு!”

கண்டக்டர் முதலாளியின் காதோரம் குனிந்தார். “தாயே, கவனிச்சீங்களா? பொருள் போனவர் பெட்டியைத் திறக்காதேங்கறார். நானும் எத்தனையோ பிக்பாக்கெட் கேஸ் பாத்திருக்கேன். பர்ஸ் கிடைச்சும் பார்க்க மாட்டேன்னவனைப் பாத்ததில்ல.”

அவள் தலையசைத்தாள். பார்வை இன்னும் ஒட்டின் மேலேயே இருந்தது. ஓரத்தை நகத்தால் தடவினாள். பிறகு கண்டக்டரின் கன்னத்தைப் பார்த்தாள். மறுபடி ஒட்டைப் பார்த்தாள்.

“அண்ணே, உங்க பல்லை டாக்டர்கிட்ட காட்டிடலாமா?”

“சந்தேகத்துக்குரிய ஆள்கிட்ட என் வாயைக் குடுக்கறதா?”

“வாங்க.”

*

மருத்துவமனையில் பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன. டாக்டர் ஒல்லியான மனிதர். கண்ணாடிக் குடுவைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்குப் பாக்கறதில்லைங்க” என்றவர், கன்னத்தைப் பார்த்ததும் காகிதத்தைக் கீழே வைத்தார். “உக்காருங்க.”

கண்டக்டர் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். விளக்கு முகத்தில் விழுந்தது. ஊசி இறங்கியது. உதடு தன்னுடையது இல்லை என்று ஆனது.

“எவ்வளவு நாளா இருக்கு?”

“ஆ… ஆ ஆ.”

“ரெண்டு மாசமா? ஏன் முன்னாடியே வரல?”

“ஆஆ… ஆ.”

“பயமா? எல்லாரும் அதான் சொல்றாங்க.”

என்ன படிப்பு படித்தால் இந்தப் பாஷை புரியும் என்று கண்டக்டர் ஆச்சரியப்பட்டார். மரங்கொத்தி மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டரின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மெல்லிய கம்பியால் பல்லைச் சுரண்டினார். வேலை கையில் வந்ததும் மனிதருக்குப் பேச்சும் வந்தது.

“மேல பாத்தா கடுகளவு ஓட்டை. உள்ள நல்லா அரிச்சிருக்கு. சும்மா மேல பூசிவிட்டா பிரயோஜனம் இல்லைங்க, உள்ளுக்குள்ளயே பரவும். சொத்தை முழுசா எடுத்துட்டுத்தான் அடைக்கணும்.”

கண்டக்டரின் கண்கள் விரிந்தன.

*சொத்தை முழுசா எடுத்துட்டு.*

“ஆ! ஆ ஆ! ஆஆஆ!” கையை ஆட்டினார். காலை உதைத்தார்.

“வலிக்குதா?”

வலிக்கவில்லை. வழக்கே உடைகிறது, அதைச் சொல்ல வாய் இல்லை. வாய் இருக்கிறது, அதில் டாக்டரின் கை இருக்கிறது. கண்டக்டர் தன் முதலாளியைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். அவ்வளவு உருட்டலுக்கு ஒரு ஊமைப்படமே எடுத்திருக்கலாம்.

“டாக்டர்,” என்றாள் மரங்கொத்தி, “தூண்லயும் இதையேதான் செஞ்சீங்களா?”

பல்லைக் குடைந்துகொண்டிருந்த மெஷின் நின்றது.

“அவசரமா மறைக்கறவங்க ஓரத்தை மெலிசா இழுத்துப் பூசிடுவாங்க. அது கொஞ்ச நாள்ல உரிஞ்சு வந்துடும். நீங்க ஓரத்தை நேரா வெட்டி, வெளிய வாய் சின்னதாவும் உள்ள அகலமாவும் குடைஞ்சிருக்கீங்க. அடைச்சது கழண்டு வராது. கான்கிரீட் வேலை நல்லாத் தெரிஞ்சவங்களும் அப்படிச் செய்வாங்க. ஆனா யாரும் அதுக்கு மேல பாலிஷ் போட மாட்டாங்க.”

டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார். காது சிவந்திருந்தது. எந்தக் குப்பியும் தெளிக்காமலே.

“வழவழன்னு இல்லாம விட மனசு வரல” என்றார்.

பிறகு சொன்னார். ஸ்கூட்டர் நிறுத்தும்போது தூணில் பழுப்பாக ஒரு கறை. விரலால் தொட்டார், ஒரு தகடு கையோடு வந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலிருந்த கான்கிரீட்டை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கல்லூரி நண்பன் ஒருவன் இப்போது கட்டடப் பொறியாளர். அவனிடம் கேட்டுக் கேட்டு, எல்லோரும் வெளியே போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, உளுத்ததையெல்லாம் எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பூச்சுக் கொடுத்து அடைத்தார். போனில் பேசியதும் அந்த நண்பனிடம்தான். அடுத்த வாரம் அவன் நேரில் வந்து மற்றத் தூண்களைப் பார்ப்பதாக ஏற்பாடு.

“இதை உங்க மனைவிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“மாமாவுக்கு இதயத்துல ஆபரேஷன் ஆன உடம்பு. இந்த வீடுதான் அவர் உசிரு. அவளுக்கு அவங்க அப்பான்னா சாமி. ‘உங்க அப்பா கட்டின வீடு உளுத்துப்போச்சு’ன்னு நான் எந்த வாயால சொல்றது?”

“திருட்டுப் பட்டம் பரவால்லையா?”

“எடுக்கலன்னு சொல்லிட்டேன். நம்பறதும் நம்பாததும் அவ இஷ்டம்.”

அதற்குள் பல்லை அடைத்து முடித்து, கண்டக்டரின் வாயை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்டக்டர் கொப்பளித்த தண்ணீரைத் துப்பியதுமே ஆரம்பித்தார். பாதி உதடு மரத்திருந்தது. அதனால் பேச்சு நொண்டியது, நிற்கவில்லை.

“இந்தாளு சொன்னது பல்லுல இருக்கற சொத்தை! அவங்க கேட்டது சொத்து, கூட ஒரு ‘ஐ’! இரண்டாம் வேற்றுமை உருபு ஐ-ன்னு எங்க தமிழ் வாத்தியார் காதைத் திருகிச் சொல்லிக் குடுத்தார். வேற்றுமைன்னா குடும்பத்தையே ரெண்டாக்கும்னு சொல்லலையே தாயே!”

மரங்கொத்தி சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

“அண்ணே, மகள் மருந்துக்கடைக்காரங்க. அம்மாவுக்கு இந்தத் தொழில் தெரியாது. அவங்க சொத்துன்னு எடுத்துக்கிட்டது சரி. ஆனா அந்த வார்த்தையை முதல்ல கேட்டவர் யாரு?”

“பில்டர்.”

“தூணை வெட்டறதும் அடைக்கறதும் அவருக்குத் தெரியாதா? அந்தத் தூணுக்குள்ள அவர் என்ன போட்டார்னு அவருக்குத் தெரியாதா?”

கண்டக்டருக்குக் கன்னத்தில் மரத்த இடம்கூடச் சில்லென்றது.

*

“தூண்ல நகை இல்லம்மா” என்று மரங்கொத்தி வீட்டம்மாவிடம் சொன்னாள். “ஏன் இல்லன்னு அப்புறம் சொல்றேன். அதுக்கு முன்னாடி, யாரும் தொடாத பழைய சுவர் ஒண்ணைத் தட்டிப் பாக்கணும். ஒப்பிடறதுக்கு.”

“மாடிக்கு வாங்க. கூடத்துச் சுவரைப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றார் பில்டர், வழக்கத்துக்கு மீறிய மரியாதையோடு.

“இங்க கீழயே ஒரு அறை இருக்கே.”

“அது வெறும் குப்பை. காலி பெயிண்ட் டப்பா, மிச்ச சிமெண்ட்.”

“குப்பையா?” வீட்டம்மா இடுப்பில் கை வைத்தாள். “ஒரு வாரமா சாயங்காலமானா அங்கதானே போய் உக்காந்துக்கறீங்க? என்னைக்கூட உள்ள விடாம?”

சாவி பில்டரின் சட்டைப்பையில், அளவுகோலுக்குக் கீழே இருந்தது. அதை எடுத்தது அவர் இல்லை, அவருடைய மனைவி.

ஜன்னல் ஒன்று, பழைய மேஜை ஒன்று. மரங்கொத்தி சுவரோரமாக நடந்தபடியே தட்டினாள். ணங். ணங். ணங். ஜன்னலுக்குக் கீழே வந்தாள்.

டொப்.

அவள் மறுபடி தட்டினாள். சுவர் மறுபடியும் அதையே சொன்னது.

“ஓதம் வாங்கின பூச்சு” என்றார் பில்டர். “கடல் காத்துல இதெல்லாம் சகஜம்.”

“எவ்வளவு நாளா சார் இப்படி இருக்கு?”

“வீடு கட்டினதுலேர்ந்து.”

“அப்ப இந்தப் பூச்சு அவ்வளவு பழசு.”

“ஆமா.”

ஆணி கீறியது. குப்பி உஸ்ஸென்றது. ஒரு கணம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கீறல் நெடுக ரோஜா நிறம் பூத்தது. தூணில் பூத்ததைவிட இன்னும் அழுத்தமாக.

“கிழட்டுச் சுவர் சார்,” என்றார் கண்டக்டர், “எதுக்கு இப்படிப் புதுப்பொண்ணு மாதிரி வெட்கப்படுது?”

பில்டர் வாயைத் திறப்பதற்குள் கடப்பாரை இறங்கிவிட்டது. வீட்டம்மாவுக்கு அத்தனை பலம் இருக்கும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். ஒரே இடி. பூச்சு அப்பளமாக நொறுங்கியது. உள்ளேயிருந்து கசக்கி உருட்டிய சிமெண்ட் பைக் காகிதங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றுக்குப் பின்னால், மஞ்சள் துணியில் சுற்றிய பெட்டி.

வீட்டம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தாள்.

“சமையலறையில அலமாரி மாட்ட ஆணி அடிச்சேன். அப்பவும் சுவத்துக்குள்ளேர்ந்து இதே காகிதம்தான் வந்துச்சு. ‘எவனோ கொத்தனார் செஞ்ச வேலை’ன்னீங்க.” அவள் குரல் தணிந்தது. “அந்தக் கொத்தனார் நீங்கதானா?”

பொந்தைக் கண்டால் காகிதத்தைச் செருகி மேலே பூசுவது. பல் டாக்டரின் கை அவரைக் காப்பாற்றியது, பில்டரின் கை அவரைக் காட்டிக்கொடுத்தது. கையெழுத்தைக்கூட மாற்றிப் போடலாம், கைவேலையை மாற்ற முடியாது போலிருக்கிறது என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

பில்டர் மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். கண்டக்டர் பதறி அவருடைய நாடியைப் பிடித்தார். நிதானமாக ஓடியது. ஆளுக்கு நெஞ்சு திடம், வீட்டுக்குத்தான் பலவீனம்.

“நான் பொய் சொல்லல” என்றார் பில்டர், மகளைப் பார்க்காமல். “அவன் சொன்னதைத்தான் சொன்னேன். ஒரு எழுத்து மாத்தல.”

“மாத்தலதான் சார்” என்றாள் மரங்கொத்தி. “நீங்க அதைச் சொன்ன நேரத்தைத்தான் மாத்தினீங்க. நகை காணோம்னு எல்லாரும் தேடற நேரமாப் பாத்துச் சொன்னீங்க.”

“வெளியாளைக் கூட்டிட்டு வந்து ஒவ்வொரு தூணாப் பரிசோதிக்கப் போறேன்னு அதே போன்ல பேசினான். என் வீடே உளுத்துப்போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா? நான் கட்டின மத்த வீட்டுக்காரனெல்லாம் என் வாசல்ல வந்து நிப்பான். அந்தச் சமயத்துல ஆத்து மணல் கிடைக்கல. கடல் மணலைக் கழுவித்தான் போட்டேன்.”

“கழுவினது போதலை சார். உப்பு உள்ளயே இருக்கு. அதான் கம்பியைத் தின்னுது.”

“அதுக்காக?” என்றாள் மகள்.

அந்த அறைக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அப்பா தலையைத் தூக்கினார்.

“உங்க பேர் கெடக் கூடாதுன்னு அவர் பேரைக் கெடுத்தீங்களா? நானும் நம்பினேனேப்பா. என் புருஷனை விட்டுட்டு உங்களை நம்பினேன்.”

பில்டர் அளவுகோலை எடுத்து விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார்.

மரங்கொத்தி தரையைப் பார்த்தபடி, எழுதி மனப்பாடம் செய்தவள் போலச் சொல்லி முடித்தாள். டாக்டர் அடைத்தது நல்ல வேலை, ஆனால் ஒரு தூணின் ஒரு பக்கம் மட்டும்தான். உப்பு எல்லாத் தூணிலும் இருக்கும். இன்றைக்கே இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். மாடியில் இருப்பவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டும். தூண் தூணாகச் சோதித்து, கெட்டதை வெட்டி எடுத்து, கம்பி சேர்த்துக் கட்டினால் வீடு பிழைத்துக்கொள்ளும்.

“வாய் முழுக்கச் சொத்தையை வெச்சுக்கிட்டு ஒத்தைப் பல்லை மட்டும் அடைச்சா ஆச்சா, அதான் விஷயம்” என்று கண்டக்டர் தமிழில் மொழிபெயர்த்தார்.

“உங்க கையால கட்டின மத்த வீடெல்லாம் எங்கெங்க இருக்குன்னு இவங்ககிட்ட சொல்லிடுங்க” என்றாள் வீட்டம்மா. “நாளைக்கே ஒவ்வொரு வாசலா நீங்களே போய்ச் சொல்லணும். நானும் கூட வருவேன். என்ன சொல்றீங்கன்னு கேக்கணும் எனக்கு.”

“எல்லா வீட்டுக்குமா?” என்றார் பில்டர் ஈனசுரத்தில்.

“பாதி ஊருன்னு நீங்கதானே சொன்னீங்க?”

*

கண்டக்டர் தன் செருப்பை மருத்துவமனை வாசலில் விட்டிருந்தார். அதை எடுக்கத்தான் போனார். ஒட்டுக் கேட்கப் போகவில்லை. இந்த வீட்டில் ஒட்டுக் கேட்டு ஒருவர் பட்டதே போதும். ஆனால் கதவு திறந்திருந்தது, காது மரத்துப் போகவில்லை.

மகள் உள்ளே நின்றிருந்தாள். டாக்டர் இன்னமும் குடுவைகளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மா நகை கிடைச்சுடுச்சு” என்றாள்.

“சரி.”

“அப்பாதான்.”

அவர் கை நின்றது. பிறகு இன்னொரு குடுவையை எடுத்தது.

“தூண் விஷயமும் தெரிஞ்சுடுச்சு. தினமும் ஊரையே வாயைத் திறக்கச் சொல்றீங்க. நீங்க ஒரே ஒரு தடவை திறந்திருக்கக் கூடாதா?”

“நீ கேட்டது ‘எடுத்தீங்களா’ன்னுதான்” என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கச் சங்கடமாக இருந்தது. “‘என்ன ஆச்சு’ன்னு கேக்கவே இல்லையே.”

கண்டக்டர் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதை மாட்டாமல் நின்றார். பின்னால் மரங்கொத்தி வந்து அவருடைய சட்டையை இழுத்தாள். அவர் நகரவில்லை. அவளும் நகரவில்லை.

உள்ளே மகள் வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கதவுக் கொண்டியில் மாட்டினாள். நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். செய்தித்தாளில் சுற்றிய ஒரு குடுவையை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, அலமாரியில் அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

“சரி” என்றாள். “என்ன ஆச்சு?”

டாக்டர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் ஆரம்பித்தார். தூணிலிருந்து இல்லை. கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து.